வெளித்தூக்குக் கூலி

'வர்தா' என்றால் ரோஜா என்று அர்த்தமாம். பெயர் கொடுத்தது பாகிஸ்தான். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை மதியம் அந்த ரோஜா சென்னைக்கு வந்து சேர்ந்தது. அன்று திருக்கார்த்திகை. வாசலில் வைக்க அகல் விளக்கெல்லாம் வாங்கி, திரி போட்டு, எண்ணெய் ஊற்றத் தயாராக இருந்தோம். சாயங்காலம் வாசலே இல்லை. வாசல் இருந்த இடத்தில் ஒரு மரம் படுத்துக் கிடந்தது.

மயிற்கொன்றை. மே மாசத்தில் தெருவே சிவப்பாகிற அளவுக்குப் பூக்குமே, அதேதான். முதலில் ஒரு பக்கத்திலிருந்து அடித்தது காற்று. நடுவில் கொஞ்ச நேரம் அமைதி. 'அப்பாடா, போயிடுச்சு' என்று ஜன்னலைத் திறந்தவர்களுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது இரண்டாவது அடி. அதில்தான் மரம் சாய்ந்தது. ஒரு கிளை நீண்டு வந்து எங்கள் முன்னறை ஜன்னல் கண்ணாடியைத் தூளாக்கிவிட்டுப் படுத்தது.

அந்த நாட்களில் நீங்களும் சென்னையில் இருந்திருந்தால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இல்லை. போன் இல்லை. செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ரம்பத்தோடு வந்த ஆள் ஆயிரத்து இருநூறு கேட்டார். என்னிடம் இருந்தது புத்தம் புதிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டு ஒன்று. தெருவில் யாரிடமும் சில்லறை கிடையாது. கடைசியில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மூன்று வீட்டு மரத்தையும் அறுக்க வைத்து, கணக்கை நேர் செய்தோம்.

அறுத்தாயிற்று. இனி அள்ளி வெளியே போட வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நானும் பக்கத்து வீட்டுப் பையனும் கிளைகளைத் தரதரவென்று இழுத்துப் போய்த் தெருமுனையில் ஒரு குவியலாகப் போட்டோம். நீளக் கிளை, குட்டைக் கிளை, இலை, அறுந்து தொங்கிய கேபிள் வயர், உடைந்த பூந்தொட்டி, நனைந்துபோன பழைய மெத்தை, எல்லாம் ஒரே குவியல். கிடைத்தது சான்ஸ் என்று பரணில் கிடந்த ஓட்டை வாளியையும் அதில் சேர்த்துவிட்டேன். புயல் வந்தால் வீட்டுக்கு வீடு இந்தச் சலுகை விற்பனை உண்டுதானே?

எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரிவாளும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்து, கிளைகளை ஒரே அளவாக வெட்டி, வெட்டுவாய் எல்லாம் ஒரே பக்கமாக வருகிற மாதிரி அடுக்கி, கயிற்றுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். விறகுக் கடையில்கூட அவ்வளவு அழகாகக் கட்டமாட்டார்கள்.

"என்ன சார், குப்பைக்குப் போறதுக்குப் போய் இவ்வளவு அலங்காரமா?" என்றேன்.

"குப்பைக்கு அப்புறம்தானே தம்பி போகுது? முதல்ல ஒரு ஆள் கைக்குல்ல போகுது" என்றார், நிமிராமலே.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் என் மனைவி உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் பெருக்கி முறத்தில் வைத்திருந்தாள். "இதைப் பேப்பர்ல சுத்தி, தனியா கட்டிப் போடுங்க" என்றாள். "சரி, சரி" என்றேன். நாலு நாள் பழைய பேப்பரெல்லாம் ஈரம். தேட வேண்டும். மடிக்க வேண்டும். கட்ட வேண்டும். எனக்கோ இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. முறத்தோடு கொண்டுபோய்க் குவியலின் ஓரத்தில் கொட்டி, பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாதே என்று மேலே இரண்டு கை இலையை அள்ளிப் போட்டு மூடினேன்.

அந்த இரண்டு கை இலையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. நான் மொட்டைமாடியில் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேழு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். துணிக் கையுறை ஈரத்தில் ஊறிக் கனத்துப்போனதாலோ என்னவோ, கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். எதிர்வீட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரிக்குக் கொடுத்தார்கள். பத்தே நிமிஷம். அடுத்து எங்கள் குவியல். ஒரு கிளையை இழுத்தால் நாலு கிளை கூடவே வருகிறது. அதை விலக்கினால் கேபிள் வயர் காலைச் சுற்றுகிறது. நனைந்த மெத்தையைத் தூக்க மூன்று பேர். கடைசியில் இலையை அள்ள அந்தப் பெண் குனிந்தார்.

'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கையை உதறினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளமாகக் கிழித்திருந்தது. நான் மாடிப்படியில் ஓடி இறங்கி வருவதற்குள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். மேஸ்திரி அவரைத்தான் திட்டினார்: "பாத்து எடுக்கக் கூடாதா?"

டெட்டால் கொண்டுவந்தேன். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். ஊசி போட்டுக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"கண்ணாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

லாரி போய்விட்டது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. மறுநாள் வந்தது வேறு ஆட்கள்.

நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்சி வகுப்பில் இரண்டு கூலி சொல்லிக் கொடுப்பார்கள். சரக்கு கடைக்குள் வர ஆகும் வண்டிச் செலவு உள்தூக்குக் கூலி. வியாபாரக் கணக்கில் பற்று எழுத வேண்டும். விற்ற சரக்கு வெளியே போக ஆகும் செலவு வெளித்தூக்குக் கூலி; இலாப நட்டக் கணக்கில் பற்று. பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி மார்க் கோட்டைவிடுகிற பையன்கள் வருஷா வருஷம் உண்டு. நானும் ஒரு தடவை விட்டிருக்கிறேன்.

வாழ்க்கையில் நாம் செய்வது அதைவிடப் பெரிய தப்பு. உள்தூக்குக் கூலியை ஒழுங்காக எழுதுகிறோம். ஃப்ரிட்ஜ் வாங்கினால் டெலிவரிக்கு எவ்வளவு, மாடிக்குத் தூக்க எவ்வளவு என்று பேரம் பேசி, கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குகிறோம். வீட்டுக்குள் வரும் பொருளுக்கு அவ்வளவு மரியாதை. வெளியே போகும் பொருளுக்கு? கேட்டைத் தாண்டினால் கணக்கு முடிந்தது. வெளித்தூக்குக் கூலி என்று ஒரு வரியே நம் நோட்டில் கிடையாது.

ஆனால் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று இருக்கிறதே! ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கம் எழுதியே ஆக வேண்டும். பேப்பர் தேடி, மடித்து, கட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்தேன். அது எங்கேயும் காணாமல் போகவில்லை. இன்னொருவர் உள்ளங்கையில் பற்று எழுதப்பட்டது.

'வரி கட்டுறோமே சார், அதுக்குத்தானே ஆள் வெச்சிருக்காங்க?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் அன்றைக்கு ராத்திரி எனக்கு நானே அதைத்தான் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

வரி கட்டினால் கிளையைத் தூக்கச் சொல்ல உரிமை உண்டு. கையைக் கிழிக்க உரிமை உண்டா? கல்யாணப் பந்தியில் மொய் எழுதியவர்தான் நீங்கள். இலை எடுக்க ஆளும் உண்டு. இருந்தும் சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்கிறோம். உறவு தொடர வேண்டும் என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் மடித்த இலையில் ரசம் வழியாது. எடுப்பவர் கையிலும் மேலிலும் எச்சில் படாது. யார் எடுக்கப் போகிறார் என்று தெரியாமலே, அவருக்காக இலையை மடிக்கத் தெரிந்த ஊர் இது. அந்த மடிப்பு பந்தியோடு ஏன் நின்றுபோனது?

'எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. நான் ஒருத்தன் மட்டும் கட்டி வெச்சா என்ன ஆகிடப் போகுது?' இது இரண்டாவது கேள்வி. தூரத்திலிருந்து பார்த்தால் குவியல் ஒரே மலை மாதிரிதான் தெரியும். ஆனால் மலையாக யாரும் தூக்குவதில்லை. ஒவ்வொரு கையணைப்பாகத்தான் தூக்குகிறார்கள். அதில் என்னுடைய கையணைப்பு எது என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றில் கண்ணாடி இல்லாமல் இருந்தால் அந்த ஒரு தடவை கை கிழியாது. ஊர் திருந்துகிற வரைக்கும் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. 'நல்ல கையுறை கொடுக்க வேண்டியது, சரியான வண்டி கொடுக்க வேண்டியது வேலை கொடுக்கிறவங்க பொறுப்பு. நாம அனுசரிச்சுப் போகப் போக அவங்க தப்பிச்சுக்கறாங்க இல்லையா?' உண்மை. அதைக் கேட்கத்தான் வேண்டும், உரக்கவே கேட்க வேண்டும். 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயரோடு சேர்ந்து கைக்கு என்ன வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக என் வீட்டுக் கண்ணாடி குவியலுக்குள் கிடக்க வேண்டும் என்பதில்லை. கையுறை அவர்கள் பொறுப்பு. கண்ணாடி என்னுடையது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறான். 2012 அக்டோபர் கடைசியில் 'சாண்டி' புயல் அங்கே புரட்டிப்போட்டது. வர்தா கதையை அவனிடம் சொன்னபோது, அங்கே பல ஊர்களில் உள்ள வழக்கத்தைச் சொன்னான். கிளையை நான்கு அடிக்கு மேல் நீளம் இல்லாமல் வெட்ட வேண்டும். ஒரு ஆள் தூக்குகிற கனத்தில் கட்ட வேண்டும். கம்பியால் கட்டக்கூடாது, கயிறுதான். கம்பி போனால் மரத்தை அரைக்கிற எந்திரத்தின் பல் போய்விடும். கிளை தனி, உடைந்த சுவரும் சட்டமும் தனி, ஃப்ரிட்ஜ் மாதிரி சாமான் தனி, பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து தனி. மின்கம்பத்தின் மேல் சாய்த்து வைக்கக்கூடாது. சாக்கடை வாயை அடைக்கக்கூடாது.

"உங்க ஊர்க்காரங்க ரொம்ப நல்லவங்கடா" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சரியா கட்டலைன்னா எடுக்காம அப்படியே விட்டுட்டுப் போயிடுவான். அந்த பயம்தான்" என்றான்.

போனை வைத்தபிறகு ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே தூக்க வருகிறவர் 'முடியாது' என்று சொல்ல முடியும். அவர் சொல்லிவிடுவார் என்பதால் வீட்டுக்காரர் கட்டி வைக்கிறார். அதில் ஒழுங்கு இருக்கிறது. அறம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா? சொன்னால் அன்றைய கூலி போகும், மேஸ்திரி கத்துவார், நாளைக்கு வேறு ஆள் வருவார். அவரால் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிக் கொட்டினேன்.

மறுக்க முடிகிறவர்களிடம் நாம் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறோம். மேலதிகாரியிடம், பேங்க் மேனேஜரிடம், சம்பந்தியிடம். அதை வைத்து நம் குணத்தை அளக்க முடியாது. மறுக்க முடியாத ஒருவர் தலையில் நாம் என்ன ஏற்றுகிறோம் என்பதில்தான் அது தெரிகிறது. நம் பாரத்தை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும், சரி. அந்தப் பாரத்தை எந்த உருவத்தில் அவர் கையில் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

சட்டத்தில் இது இல்லாமல் இல்லை. வர்தா வந்த அதே 2016-இல், ஏப்ரல் மாசம், மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மரக்கழிவையும் தோட்டக்கழிவையும் வீட்டுக்காரர் தன் இடத்திலேயே தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும். தெருவிலோ சாக்கடையிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். புயல் வந்த டிசம்பரில் எங்கள் தெருவில் அதைப் படித்தவர் எவரும் இல்லை, என்னையும் சேர்த்து. எதிர்வீட்டுப் பெரியவரும் படித்திருக்கமாட்டார். அவருக்கு அது தேவைப்படவில்லை. முப்பது வருஷம் மூட்டை தூக்குகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

இது நகரத்துக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை 'கஜா' கரை கடந்தது. பெயர் கொடுத்தது இலங்கை, பொருள், யானை. யானை புகுந்த மாதிரிதான் இருந்தது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள். செய்திக்காகப் போயிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகத் தென்னைகள் தீக்குச்சி கொட்டின மாதிரி கிடந்தன. அரசாங்கம் அறிவித்த நிவாரணத்தை நான் வணிகவியல் கண்ணோடு படித்தேன். விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய். அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். மொத்தம் 1,100.

தொகை போதுமா, போதாதா என்பது வேறு சண்டை. அந்த இரண்டாவது வரியைப் பாருங்கள். மரம் போனதற்கு ஈடாகக் கொடுத்ததுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, அதை நகர்த்த ஆகும் செலவு. வெளித்தூக்குக் கூலியை முதல்முறையாகக் கணக்கில் எழுதிப் பார்த்தேன்.

அங்கே ஒரு விவசாயி சொன்னார்: "மரத்தை அப்படியே மக்கவிட்டா என் தோப்போட போகாதுங்க. காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை வைக்கும். அப்புறம் பக்கத்துத் தோப்புக்காரன் நட்ட கன்னுக் குருத்துல போய் உக்காந்து குடையும். என் மரத்தை நான் எடுக்கலைன்னா அவன் பொழப்பும் போச்சு." பணமில்லை, ஆளில்லை, வயதாகிவிட்டது. இருந்தும் முடிந்த மரங்களைத் துண்டு போட்டு வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டு வாசலில் ஒரே ஒரு மயிற்கொன்றை. எனக்கு இடுப்பு வலித்தது.

சரி, புயலுக்கு மறுநாள் என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பியில் கிடக்கும் கிளையைத் தொடவே தொடாதீர்கள், மின்வாரியம் வரட்டும். வளைந்து அழுந்தி நிற்கும் கிளை நாணேற்றிய வில் மாதிரி. வெட்டினால் முகத்தில் அடிக்கும். பெரிய மரத்தை அறுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். அந்த முதல் நாள் உயிர் பிழைத்தால் போதும், ஒழுங்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அப்படி இல்லை. சின்னக் கிளைகளை நாலடியாக நறுக்குங்கள். வெட்டுவாய் ஒரே பக்கம் பார்க்க, கயிற்றால் கட்டுங்கள். நீங்களே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் கட்டைப் பிரித்துக் குறையுங்கள். மழைநீர் வடிகால் வாயை விட்டுத் தள்ளி வையுங்கள். புயலுக்குப் பின்னால் எப்படியும் ஒரு மழை வரும். ஆணி, கண்ணாடி, வயர் எல்லாம் தனி. பரணில் கிடக்கும் ஓட்டை வாளிக்குப் புயலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது பரணிலேயே இருக்கட்டும்.

வர்தாவுக்குப் பிறகு சென்னை எத்தனையோ காற்று மழையைப் பார்த்துவிட்டது. மயிற்கொன்றை இருந்த இடத்தில் நாங்கள் ஒரு பூவரசு வைத்தோம். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' வந்தபோது அதில் இரண்டு கிளை முறிந்தது. ஒரு பல்பும் உடைந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் அப்போது இல்லை, காலமாகிவிட்டார். அவருடைய அரிவாளை அவர் மகனிடம் இரவல் வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெட்டிக் கட்டினேன். பல்புச் சில்லை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே மார்க்கர் பேனாவால் பெரிசாக 'கண்ணாடி' என்று எழுதினேன். எழுதியது போதுமா என்று சந்தேகம் வந்தது. வருகிறவருக்குப் படிக்கத் தெரியுமோ, இருட்டில் வருவாரோ?

வண்டிச் சத்தம் கேட்டதும் கீழே இறங்கிப் போய் நின்றேன். இளைஞர் ஒருவர் இறங்கினார். "தம்பி, இந்தப் பெட்டியில கண்ணாடி இருக்கு" என்றேன். "சரி சார்" என்று சொல்லி, பெட்டியைப் பக்குவமாகத் தனியே வைத்துவிட்டு, கட்டுகளை ஒரு வீச்சில் தூக்கி உள்ளே போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வண்டி போய்விட்டது.

ஏழு வருஷம் தாமதமாக, வேறு ஒருவரிடம் சொன்ன வார்த்தை அது. சொல்லியிருக்க வேண்டியவரிடம் சொல்ல எனக்கு இனி வழியில்லை. அந்தக் கணக்கை நேர் செய்ய முடியாது. எழுதி வைக்க மட்டும்தான் முடியும். அடுத்த புயல்களுக்கெல்லாம் இப்போதே பெயர் வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் தெருவுக்கு வருகிற அன்று, குவியலை இலையால் மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.